பெரியம்மாவின் மூன்று வாக்குமூலங்கள்: காணி விசாரணைக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களுக்கும் குழு உறுப்பினர்களுக்கும்,

திருகோணமலை மாவட்டத்தில், கொட்டியாரக் குடாவின் தென்கரையிலுள்ள எங்கள் கிராமத்தில், அரை ஏக்கருக்குச் சற்றுக் கூடிய குடியிருப்புக் காணியொன்றுக்காக என் பெரியம்மா முன்வைத்த கோரிக்கையை நிராகரித்து நீங்கள் அனுப்பிய கடிதம் எங்கள் கையில் இருக்கிறது. அவருக்கு எண்பத்தொரு வயது. கடிதத்தில் காரணம் ஒரே வசனத்தில் முடிந்துவிடுகிறது: இடம்பெயர்ந்த ஆண்டு, காணியில் நின்ற தென்னைகளின் எண்ணிக்கை, வேலியின் தன்மை ஆகிய விடயங்களில் கோரிக்கையாளர் வெவ்வேறு காலங்களில் அளித்த வாக்குமூலங்கள் ஒன்றுக்கொன்று முரண்படுவதால் அவரது கூற்று நம்பத்தகுந்ததாகக் கொள்ளப்படவில்லை. மேன்முறையீட்டை முறைப்படி கையளித்துவிட்டோம். அதற்கு மேலும் பகிரங்கமாக எழுதுவதற்குக் காரணம், அதே கிழமையில் அயலிலுள்ள வேறு சில முதியவர்களுக்கும் இதே வசனம், பெயரும் கோவை இலக்கமும் மாத்திரம் மாற்றப்பட்டு, வந்து சேர்ந்திருப்பதுதான். ஒரு கோவையில் நேர்ந்த தவறாக இருந்தால் மேன்முறையீட்டோடு நின்றிருப்பேன். முதியவர்களின் ஞாபகத்தை எடைபோட நீங்கள் வைத்திருக்கும் அளவுகோலே பிழையானது என்று கருதுவதால் இதை எல்லோரும் வாசிக்கும்படி எழுதுகிறேன்.

நான் இந்த மாவட்டத்துப் பாடசாலைகளில் நெடுங்காலம் கற்பித்து ஓய்வுபெற்றவள். ஆசிரியப் பயிற்சிக்காக உளவியல் படிக்க நேர்ந்தது. பிள்ளைகள் படித்ததை ஏன் மறக்கிறார்கள் என்று அறியத் தொடங்கிய வாசிப்பு, பெரியவர்கள் வாழ்ந்ததை ஏன் மறக்கிறார்கள் என்பதில் போய் நின்றது. விசாரணை நாளன்று பெரியம்மாவுக்குத் துணையாகப் பின் கதிரையில் இருந்தேன். துணைக்கு வந்தவர் வாய் திறக்கக்கூடாது என்று தொடக்கத்திலேயே சொல்லப்பட்டது, கட்டுப்பட்டேன். அன்று சொல்ல முடியாமற் போனவற்றையே இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த மூன்று வாக்குமூலங்களை எடுத்துக்கொள்வோம். முதலாவது, போர் முடிவதற்கு முன், இடைத்தங்கல் முகாமொன்றில் எடுக்கப்பட்டது. அதில் அவர் இடம்பெயர்ந்த ஆண்டு 2006 என்று இருக்கிறது. இரண்டாவது, மீள்குடியேற்றத்தின் பின் நடந்த நடமாடும் சேவையொன்றில் நிரப்பப்பட்ட படிவம்; அதில் 1990. மூன்றாவது உங்கள் முன்னிலையில் சொன்னது, அதில் 1985. மூன்று ஆண்டுகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி அடிக்கோடிட்டிருக்கிறீர்கள். ஆனால், மதிப்புக்குரிய ஐயா, மூன்றும் உண்மை. எங்கள் ஊரவர் மூன்று தடவை ஓடியவர்கள். 1985 கலவரத்தில் ஓடித் திரும்பி வந்தார்கள். 1990 ஆனியில் ஓடி, சிலர் இந்தியா வரைக்கும் போய், திரும்பி வந்தார்கள். 2006 சித்திரையில் ஷெல் விழத் தொடங்கியதும் கட்டிய துணியோடு வெளியேறினார்கள், அந்த முறை திரும்பி வரப் பல ஆண்டுகள் எடுத்தது. இதற்கிடையில் 2004 மார்கழியில் கடலும் ஒருமுறை விரட்டியது. “எப்போது இடம்பெயர்ந்தீர்கள்” என்று ஒருமையில் கேட்டால், அந்த நேரத்தில் எந்த ஓட்டம் மனதில் முன்னுக்கு நிற்கிறதோ அதைத்தான் அவர் சொல்வார். முகாமில் இருந்தவருக்கு 2006 முன்னுக்கு நின்றது. காணியைவிட்டு முதன்முதலில் பிரிந்த நாளை நினைத்து உங்கள் முன்னால் நின்றவருக்கு 1985 முன்னுக்கு நின்றது.

தென்னைகளும் அப்படியே. ஒரு வாக்குமூலத்தில் ஏழு, இன்னொன்றில் ஒன்பது. தென்னை காய்க்கும், பட்டுப்போகும், ஷெல்லில் தலை அறுந்தும் போகும். எந்த ஆண்டின் தென்னையை எண்ணுவது என்று யாரும் அவரிடம் கேட்கவில்லை. வேலி முதலில் பூவரசங் கதியாலாக இருந்தது, பிறகு முள்ளுக்கம்பி வந்தது. ஐம்பது ஆண்டுகள் ஒரு காணியில் வாழ்ந்தவருடைய மனதில் பல காலத்து வேலிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும்.

இவற்றுக்கு அப்பால், அவர் உண்மையாகவே மாறிச் சொன்ன இடமும் ஒன்று உண்டு. அதை மறைக்க வேண்டிய தேவை எனக்கில்லை. 2006இல் வெளியேறியதைப் பற்றி உங்களிடம் சொல்லும்போது, கொட்டும் மழைக்குள் பேரப்பிள்ளையைத் தோளில் சுமந்து நடந்ததாகச் சொன்னார். அது சித்திரை மாதம். அந்தக் கிழமை மழை பெய்யவில்லை. தோளில் இருந்ததும் பேரப்பிள்ளை அல்ல. மழைக்குள் நடந்தது வேறொரு ஓட்டத்தில், சுமந்தது அவருடைய கடைசி மகனை. இரண்டு ஓட்டங்கள் ஒன்றாகிவிட்டன. உங்கள் உத்தியோகத்தர் ஒருவர் அந்த இடத்தில் பேனையை வைத்துவிட்டுச் சிரித்தார். சிரிப்பதற்கு முன், மனித ஞாபகம் எப்படி வேலை செய்கிறது என்பதை அவர் அறிந்திருக்க வேண்டும் என்பதே என் முறைப்பாடு.

ஞாபகம் என்பது பெட்டகத்துக்குள் மடித்து வைத்த காணி உறுதியை வேண்டிய நேரத்தில் எடுத்து விரிப்பது போன்ற காரியம் அல்ல. பிரித்தானிய உளவியலாளர் பிரெடெரிக் பார்ட்லெட் 1932இல் வெளியிட்ட ஆய்வில், தங்களுக்குப் பழக்கமில்லாத ஒரு நாட்டார் கதையை வாசித்தவர்களை அதைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்தார். ஒவ்வொரு தடவையும் கதை சுருங்கியது. விளங்காத பகுதிகள் உதிர்ந்தன. அவர்களுடைய சொந்தப் பழக்கவழக்கத்துக்குப் பொருந்தும்படி புதிய விபரங்கள் புகுந்தன. யாரும் பொய் சொல்லவில்லை. நினைவுகூரும்போது மனம் எஞ்சிய துண்டுகளை எடுத்து, “இப்படித்தான் வழக்கமாக நடக்கும்” என்ற பொது அறிவைக் கொண்டு இடைவெளிகளை நிரப்பி, நிகழ்ச்சியைப் புதிதாகக் கட்டுகிறது. இடம்பெயர்வு என்றால் மழை, இருட்டு, தோளில் பிள்ளை. மூன்று முறை ஓடியவருக்கு அது ஒரு பொது வடிவமாகிவிடுகிறது. ஒரேமாதிரியான நிகழ்ச்சிகள் ஒன்றையொன்று குழப்புவது மறதிக்குரிய முதன்மையான காரணங்களுள் ஒன்று. ஒரேயொரு தடவை ஓடியவர் உங்கள் முன்னால் தெளிவாகப் பேசுவார். மூன்று தடவை ஓடியவர் தடுமாறுவார். கூடுதலாக இழந்தவருக்கே உங்கள் அளவுகோல் கூடுதலாகத் தண்டனை கொடுக்கிறது.

மறதிக்கு வேறு காரணங்களும் உண்டு. சில விபரங்கள் ஆரம்பத்திலேயே பதிவதில்லை: தன் முற்றத்துத் தென்னைகளை யாரும் எண்ணிக்கொண்டு வாழ்வதில்லை, தேங்காய் விழுகிற மரம் எது, விழாத மரம் எது என்றுதான் அறிந்திருப்பார்கள். சில பதிந்தும் கரைகின்றன. ஜெர்மானிய ஆய்வாளர் ஹெர்மன் எபிங்ஹவுஸ் பொருளற்ற அசைகளைத் தானே மனனம் செய்து, தானே மறந்து, அளந்து 1885இல் வெளியிட்ட கணக்கின்படி, கற்றதில் பாதிக்கு மேல் ஒரு மணித்தியாலத்துக்குள் போய்விட்டது. ஒரு நாளின் பின் மூன்றில் ஒரு பங்களவே எஞ்சியது. ஆனால் 31 நாட்களின் பின்னும் ஐந்தில் ஒரு பங்கு அப்படியே இருந்தது. தொடக்கத்தில் விரைந்து சரியும் கோடு பிறகு ஏறக்குறைய மட்டமாகிவிடுகிறது. அதுவும் பொருளே இல்லாத அசைகளுக்கு. தான் வெட்டுவித்த கிணறும் பிள்ளை பெற்ற அறையும் அந்தக் கணக்குக்குள் அடங்கா. இன்னும் சில விடயங்கள் அழியாமலே உள்ளே கிடக்கும். அவற்றை வெளியே கொண்டுவரும் தூண்டுதல் கிடைக்காதவரை மறந்ததாகவே தோன்றும். எந்தத் தூண்டுதலைக் கொடுக்கிறோம் என்பது கேட்பவரின் கையில் இருக்கிறது.

உங்கள் விசாரணை கொடுக்கும் தூண்டுதல் ஆண்டு. எல்லாத் தூண்டுதல்களிலும் அதுவே மிகப் பலவீனமானது. நெதர்லாந்து உளவியலாளர் விலெம் வாகனார் ஆறு ஆண்டுகளாகத் தன் வாழ்வின் நிகழ்ச்சிகளை நாள்தோறும் குறித்துவைத்தார்: என்ன நடந்தது, யாரோடு, எங்கே, எப்போது. இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட நிகழ்ச்சிகள். பிறகு அந்த நான்கில் ஒன்றைக் கொடுத்து மற்றவற்றை நினைவுபடுத்த முடிகிறதா என்று தன்னையே சோதித்து, 1986இல் முடிவை வெளியிட்டார். “என்ன” நன்றாக உதவியது. “யார்”, “எங்கே” ஆகியவையும் உதவின. “எப்போது” மாத்திரம் கொடுத்தபோது ஏறக்குறைய ஒன்றுமே வரவில்லை. தன் கையால் திகதி எழுதிவைத்த பேராசிரியருக்கே இது கதி. நாட்காட்டி தொங்காத வீட்டில் வாழ்ந்த பெரியம்மாவிடம் நீங்கள் கேட்ட முதற் கேள்வி ஆண்டு, இரண்டாவது மாதம், மூன்றாவது திகதி. அவர் எனக்குச் சொல்லும்போது காலத்தை இப்படிச் சொல்வார்: கந்தளாய்க் குளம் உடைந்ததற்கு முதல் வருஷம், பெரும்போக வெட்டு முடிந்து சூடு அடித்த கிழமை, வெருகல் தீர்த்தத்துக்கு வண்டில் கட்டிப் போன வருஷம், கிண்ணியாவில் பாலம் வருவதற்கு முன், பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகில் ஏறிக் கடந்த காலம். கந்தளாய்க் குளம் உடைந்தது 1986 ஏப்ரல் 20. பாலம் திறந்தது 2009. உத்தியோகத்தர் ஒருவர் மனம் வைத்தால் இவற்றை ஆண்டாக மாற்றச் சில நிமிடம் போதும். எண்பத்தொரு வயதுக்காரியை ஆண்டில் யோசிக்கச் சொல்வதைவிட அது எளிது.

விசாரணையில் என்னை மிகவும் உறுத்திய கேள்விக்கு வருகிறேன். “அம்மா, நேற்று மத்தியானம் என்ன கறி சாப்பிட்டீங்க?” என்று உறுப்பினர் ஒருவர் கேட்டார். பெரியம்மா யோசித்தார், வரவில்லை. “நேற்றையதே ஞாபகம் இல்லை, ஐம்பது வருஷத்துக்கு முந்தின எல்லை மட்டும் எப்படி ஞாபகம்?” என்று அடுத்த கேள்வி. அறையில் இருந்தவர்களுக்கு அது கெட்டித்தனமான கேள்வியாகத் தோன்றியிருக்கலாம். ஆனால் இந்த வாதம் தவறென்று அறியப்பட்டு நூறு ஆண்டுகளுக்கு மேலாகிறது. பிரெஞ்சு அறிஞர் தெயோதூல் ரிபோ 1881இலேயே எழுதியிருக்கிறார்: ஞாபகம் தேயும்போது அண்மையில் பதிந்தவையே முதலில் போகின்றன, பழையவை நிலைக்கின்றன. ஹென்றி மொலெய்சன் என்ற அமெரிக்கருக்கு வலிப்பு நோய்க்காக 1953இல் நடந்த சத்திரசிகிச்சையில் மூளையின் ஹிப்போகாம்பஸ் பகுதியின் பெரும்பங்கு இருபுறமும் அகற்றப்பட்டது. அதற்குப் பின் 2008இல் இறக்கும்வரை அவரால் புதிய நிகழ்ச்சிகளை நினைவில் நிறுத்த முடியவில்லை; தன்னைப் பல்லாண்டுகள் பரிசோதித்த பிரெண்டா மில்னரையே ஒவ்வொரு தடவையும் புதியவராகச் சந்தித்தார். ஆனால் சிறுபராயத்தைப் பற்றிப் பேச அவரால் முடிந்தது. புதியதைப் பதிக்கும் வேலையும் நெடுநாளைய பதிவைத் தாங்கும் வேலையும் மூளையில் ஒரே இடத்தை நம்பியில்லை என்பது அவரால் தெளிவானது. வயதானவர்களின் நினைவுகளைச் சேகரித்த ஆய்வுகள், பத்துக்கும் முப்பதுக்கும் இடைப்பட்ட வயதில் வாழ்ந்தவையே அடர்த்தியாக எஞ்சுகின்றன என்றும் காட்டுகின்றன. பெரியம்மா அந்தக் காணிக்குக் கலியாணம் முடித்து வந்தது பத்தொன்பது வயதில். நேற்றைய கறியை மறந்ததைக் கொண்டு அந்த வயதின் எல்லைக் கதியாலைத் தள்ளுபடி செய்ய எந்த அறிவியலும் இடம் தரவில்லை.

பயங்கரத்தின் நடுவே பதிந்த நினைவு எப்படி இருக்கும் என்பதற்கும் ஆதாரம் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது நெதர்லாந்தில் இருந்த எரிக்கா என்ற முகாமில் அடைக்கப்பட்டிருந்தவர்கள் 1943 முதல் 1947 வரை கொடுத்த வாக்குமூலங்களும், ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளின் பின் 1984 முதல் 1987 வரை வழக்கொன்றுக்காகக் கொடுத்த வாக்குமூலங்களும் ஒப்பிடப்பட்டன. வாகனாரும் இன்னொருவரும் 1990இல் வெளியிட்ட அந்த ஒப்பீட்டில், முகாம் வாழ்க்கையின் பொதுவான நிலைமைகளைத் தப்பியவர்கள் வியக்கத்தக்க அளவுக்கு ஒத்துச் சொன்னார்கள். முகாமுக்குள் வந்த திகதியோ பலருக்குக் கைவிட்டுப்போயிருந்தது. தங்களை அடித்தவனின் பெயரைக்கூட மறந்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் முகாமில் இருக்கவில்லை என்று யாராவது தீர்ப்பெழுதினார்களா?

அதைவிட நெருக்கமான ஆய்வு 2002இல் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் வந்தது. பொஸ்னியாவிலிருந்தும் கொசோவோவிலிருந்தும் வந்து, தங்குவதற்கான அனுமதி ஏற்கெனவே கிடைத்துவிட்ட அகதிகளிடம் இடைவெளி விட்டு இரண்டு தடவை ஒரே நிகழ்ச்சிகளைக் கேட்டார்கள். பொய் சொல்லி அவர்களுக்கு ஆகவேண்டியது ஒன்றுமில்லை. அப்படியிருந்தும் இரண்டு கூற்றுகளுக்கும் இடையில் வேறுபாடுகள் சாதாரணமாகக் காணப்பட்டன. நிகழ்ச்சியின் மையத்தைவிட, சொல்பவர் முக்கியமில்லையென்று கருதிய ஓரத்து விபரங்களில் அவை கூடுதலாக இருந்தன. மனவடு ஆழமாக இருந்தவர்களிடம், இரண்டு நேர்காணல்களுக்கும் இடைவெளி கூடக்கூட வேறுபாடும் கூடியது. உங்களுடைய மூன்று வாக்குமூலங்களுக்கும் இடைப்பட்ட காலம் வாரக் கணக்கல்ல, ஆண்டுக் கணக்கு. அவற்றில் பெரியம்மா மாறாமல் சொன்னவை எவை என்று யாராவது குறித்தீர்களா? கிணறு வடகிழக்கு மூலையில். வெட்டியவர் அவருடைய மாமனார். கிழக்கு எல்லையில் கோயிலுக்குப் போகும் ஒழுங்கை. மேற்கே மச்சாள் முறையான ஒருவரின் வளவு. மூன்றிலும் இவை ஒன்றாகவே இருக்கின்றன. நிராகரிப்புக் கடிதத்தில் இவற்றைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

அதே காணிக்கு உரிமை கோரும் மற்றத் தரப்பினர் சத்தியக்கடதாசி ஒன்றைக் கையளித்திருக்கிறார்கள். தட்டச்சில், முற்றுப்புள்ளி தவறாமல், முன்பு கொடுத்ததன் மறுபிரதியாக அது இருக்கிறது. அவர்கள் பொய்யர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அது எனக்குத் தெரியாத விடயம். தடுமாற்றமில்லாத கூற்று என்பதாலேயே அது மெய்யாகிவிடாது என்றுதான் சொல்கிறேன். 1986இல் சலெஞ்சர் விண்ணோடம் வெடித்த மறுநாள் காலையில், செய்தியை எங்கே எப்படி அறிந்தோம் என்று எழுதிக்கொடுத்த அமெரிக்க மாணவர்களை உல்ரிக் நைசரும் நிக்கோல் ஹார்ஷும் ஏறக்குறைய இரண்டரை ஆண்டுகளின் பின் மறுபடி கேட்டார்கள். நான்கில் ஒரு பங்கினர் சொன்னது, அவர்களே எழுதிய முதற் குறிப்போடு எந்த முக்கிய விபரத்திலும் பொருந்தவில்லை. அவர்களில் பலர் தங்கள் பிந்திய நினைவை முழு நம்பிக்கையோடு சொன்னார்கள்; சொந்தக் கையெழுத்தைக் காட்டியபோதும் அந்தப் பழைய நினைவு திரும்பவில்லை. குரலில் உள்ள உறுதியைக் கொண்டு உண்மையை அளக்க முடியாது.

கேள்வியே பதிலைக் கெடுக்கும் என்பதும் உங்கள் கவனத்துக்குரியது. எலிசபெத் லொஃப்டஸும் ஜோன் பாமரும் 1974இல் செய்த பரிசோதனையில், வாகன விபத்துப் படமொன்றைப் பார்த்தவர்களிடம் வாகனங்கள் “முட்டியபோது” என்று கேட்டதற்கும் “மோதி நொறுங்கியபோது” என்று கேட்டதற்கும் சொல்லப்பட்ட வேகம் வேறுபட்டது. ஒரு கிழமை கழித்து, உடைந்த கண்ணாடியைக் கண்டீர்களா என்று கேட்டபோது, முதல் வகையினரில் 50 பேருக்கு 7 பேரும் இரண்டாம் வகையினரில் 50 பேருக்கு 16 பேரும் கண்டதாகச் சொன்னார்கள். படத்தில் உடைந்த கண்ணாடி இல்லவே இல்லை. பெரியம்மாவிடம் உங்கள் உத்தியோகத்தர் கேட்டது: “தெற்குப் பக்க ரோட்டு அப்ப தாரா, கிறவலா?” தெற்கில் அந்தக் காலத்தில் ரோட்டே இல்லை, பற்றைக்காடு. ஆனால் கேட்டவர் பெரிய உத்தியோகத்தர், அவருக்குத் தெரியாமலா கேட்பார் என்று எண்ணி, “கிறவலாத்தான் இருந்திருக்கும் தம்பி” என்றார். அது பதிவில் “தெற்கில் கிறவல் வீதி இருந்ததாகக் கூறுகிறார்” என்று ஏறியது. முகாமில் எடுக்கப்பட்ட முதல் வாக்குமூலமோ சிங்களத்தில் எழுதப்பட்டு, வாசித்துக் காட்டப்படாமல் கைநாட்டு வாங்கப்பட்டது. தமிழும் நிர்வாக மொழியாக உள்ள மாகாணத்தில், தான் வாசிக்க முடியாத தாளொன்றுக்கு அவர் இன்று பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

விசாரணை முடிந்து வெளியே வந்தபின் நடந்தது உங்கள் கோவையில் இல்லை. வளவுக்குள் நின்ற வேம்பின் நிழலில் பெரியம்மா குந்தியிருந்து, குடைக் கம்பியால் மணலில் கீறத் தொடங்கினார். இது வாசல், இது மாட்டுக் கொட்டில், இதில் இருந்து கிணற்றுக்குப் போனால் வலக்கைப் பக்கம் முருங்கை, அதன் கீழே அம்மி. கிணற்றடிக்கும் குசினிக்கும் நடுவில் ஒரு புளி நின்றது, பேய் இருக்கிறது என்று பிள்ளைகள் சாயந்தரத்தில் அந்தப் பக்கம் போகமாட்டார்கள். ஒவ்வொரு தென்னைக்கும் அது எந்தப் பிள்ளை பிறந்தபோது நட்டது என்று சொல்லிக்கொண்டே புள்ளி வைத்தார். உள்ளே எண்ணிக்கை கேட்டபோது தடுமாறியவர், வெளியே பிள்ளைகளின் பெயரால் மரங்களை ஒவ்வொன்றாக நட்டுக்கொண்டு போனார்; இரண்டு பட்டுப்போனதையும் சொன்னார். ஏழும் ஒன்பதும் எப்படி வந்தன என்பது அந்த மணலில் இருந்தது.

பிறகு அவருடைய மகன் அவரைக் காணிக்குக் கூட்டிக்கொண்டு போனான். பற்றை மண்டிக் கிடந்த இடத்தில், ஒழுங்கையின் வளைவிலிருந்து நேரே நடந்து ஓர் இடத்தில் நின்று, “இதுக்குள்ள கிளறிப் பார் மகன்” என்றார். ஓரடி மண்ணுக்குக் கீழே கிணற்றின் சீமெந்து விளிம்பு தட்டுப்பட்டது. எடுத்த படங்களை உங்கள் அலுவலகத்துக்குக் கொண்டு வந்தோம். விசாரணை முடிந்துவிட்டது என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். இடமே நினைவை எழுப்பும் என்பது எங்கள் கடற்கரைக்கு அந்நியமான செய்தி அல்ல. டங்கன் கொடனும் அலன் பாட்லியும் 1975இல் சுழியோடிகளைக் கொண்டு செய்த பரிசோதனையில், நீருக்கடியில் கற்ற சொற்கள் நீருக்கடியிலும், கரையில் கற்றவை கரையிலும் கூடுதலாக நினைவுக்கு வந்தன. பின்வந்த ஆய்வுகளில் அந்த விளைவின் அளவு கூடியும் குறைந்தும் காணப்பட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் தன் வளவில் நிற்கும் கிழவிக்கும், மின்விசிறி இரையும் அறையில் மேசைக்கு எதிரே நிற்கும் கிழவிக்கும் உள்ள வேறுபாட்டைக் காண ஆய்வுகூடம் தேவையில்லை.

பொய்க் கோரிக்கைகள் வருகின்றன என்பதை அறிவேன். போரினால் கைமாறிய காணிகளில் கள்ள உறுதிகளும் உலாவுகின்றன; அவற்றைக் கண்டுபிடிப்பது உங்கள் கடமை, அந்தக் கடமை கடினமானது. எனினும், திகதி கேட்டுப் பிடிக்கும் வலையில் அகப்படுபவர்கள் எழுத வாசிக்கத் தெரியாத முதியவர்கள்தான். சட்டத்தரணியிடம் பாடம் கேட்டு வருபவர் அதில் சிக்கமாட்டார். வாழ்ந்தவரை வாழாதவரிடமிருந்து பிரித்தறிய வேண்டுமானால், வாழ்ந்தவருக்கு மாத்திரம் தெரிந்ததைக் கேட்க வேண்டும்: மாரியில் தண்ணீர் எந்தப் பக்கம் வடியும், கிணற்று நீர் எந்த மாதத்தில் உவர்க்கும், அயல் வளவுக்காரரோடு எதற்காகச் சண்டை வந்தது.

அரசின் சட்டங்களே உங்கள் நடைமுறையைவிட இரக்கமுள்ளவை. ஒரு காணியை நெடுங்காலம் வைத்திருப்பதால் வரும் உரிமை பற்றிய 2016இன் 5ஆம் இலக்க ஆட்சியுரிமை (விசேட ஏற்பாடுகள்) சட்டம், 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தில் போரினால் தங்கள் உரிமைக்காக நீதிமன்றம் போக முடியாமற் போனவர்களைக் கருத்தில் எடுத்து இயற்றப்பட்டது. 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டம், தன் 159ஆம் பிரிவில், சாட்சி தான் முன்பு எழுதிய குறிப்பைப் பார்த்து ஞாபகத்தைப் புதுப்பிக்க அனுமதிக்கிறது. நீதிமன்றத்தில் கூண்டில் ஏறும் சாட்சிக்குள்ள அந்த வசதி உங்கள் அறையில் இல்லை: பிள்ளைகளின் பிறப்புகளைக் குறித்துவைத்த பழைய கொப்பியைப் பெரியம்மா பையிலிருந்து எடுத்தபோது, “பார்த்துச் சொல்லக்கூடாது” என்று தடுக்கப்பட்டார்.

ஆகவே நான் கேட்பவை இவை. வாக்குமூல முரண்பாடு என்ற ஒரே காரணத்தால் நிராகரிக்கப்பட்ட முதியவர்களின் கோவைகள் அனைத்தையும், மேன்முறையீடு செய்தவர்களுடையதை மாத்திரமல்ல, மீளத் திறவுங்கள். மேன்முறையீடு என்ற ஒன்று இருப்பதையே அறியாத பலர் அவர்களுள் இருக்கிறார்கள். பழைய வாக்குமூலம் ஒவ்வொன்றையும் தமிழில் வாசித்துக் காட்டி, வேறுபாடு எதுவோ அதைச் சுட்டி, விளக்கம் சொல்ல அவகாசம் கொடுங்கள்; அந்த விளக்கத்தையும் பதிவு செய்யுங்கள். விளக்கம் கேட்கப்படாத வேறுபாட்டை முரண்பாடென்று கடிதத்தில் எழுதாதீர்கள்.

விசாரணையைக் காணியிலேயே நடத்துங்கள். கிராம உத்தியோகத்தரும் காணி உத்தியோகத்தரும் அயலிலுள்ள முதியவர்கள் இருவரும் உடன் வந்தால் போதும். நடக்க முடியாதவருக்கு ஒரு முச்சக்கர வண்டி ஒழுங்கு செய்வது மாவட்டத்தின் வரவுசெலவைக் குலைத்துவிடாது. முதலில் அவரைத் தன் போக்கில் பேசவிடுங்கள், குறுக்கிடாதீர்கள், கேள்விகளைப் பிறகு கேளுங்கள். பதிலைத் தன்னுள்ளே வைத்திருக்கும் கேள்விகளைத் தவிர்க்கும்படி உத்தியோகத்தர்களுக்கு எழுத்தில் அறிவுறுத்தல் கொடுங்கள்.

இந்த மாவட்டத்துக்கென நிகழ்ச்சி அட்டவணை ஒன்றைத் தயாரியுங்கள். 1964 மார்கழிப் புயல், 1985 கலவரம், 1986 குள உடைப்பு, 1990, 2000 மார்கழிப் புயல், சுனாமி, 2006, பாலம் திறப்பு ஆகியவற்றோடு அந்தந்த ஊர்க் கோயில் திருவிழாக்களும் பள்ளிவாசல் விசேடங்களும் போகங்களும் அதில் இருக்கட்டும். ஆண்டு சொல்ல முடியாதவர் எதற்கு முன், எதற்குப் பின் என்று சொல்லட்டும். ஆண்டை நீங்கள் கணக்கிடுங்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர்களாகிய எங்களில் சிலர் இதைத் தொகுத்துத் தர ஆயத்தமாக இருக்கிறோம், கொடுப்பனவு வேண்டியதில்லை.

பழைய வாக்காளர் இடாப்பு, பாடசாலைச் சேர்வு இடாப்பு, நிலஅளவைத் திணைக்களத்தின் வரைபடங்களும் வான்படங்களும் அரசின் கையிலேயே இருக்கின்றன. ஒருவருடைய ஞாபகத்தைச் சரிபார்க்க அவை உதவும். அவற்றைத் தேடி எடுக்கும் வேலையை எண்பது வயதுக்காரர்களின் தலையில் போடாமல் குழுவே செய்ய வேண்டும். இனி ஒரு கோரிக்கை நிராகரிக்கப்படுமானால், எந்த விபரம் எதனோடு பொருந்தவில்லை, மாறாமல் சொல்லப்பட்டவை எவை, அவற்றுக்கு என்ன பெறுமதி கொடுக்கப்பட்டது என்பவற்றை அந்தந்தக் கோவைக்கெனத் தனியாக எழுதுங்கள். பெரியம்மாவின் காணியில் தோண்டிய இடத்தை மூடாமல் பலகை போட்டு வைத்திருக்கிறோம். மாரி தொடங்கினால் மண் மறுபடி இறங்கிவிடும். ஐப்பசி பிறப்பதற்கு முன் களப் பரிசோதனைக்கு ஒரு நாள் குறித்து, அதைத் தமிழில் எழுதி, அவருடைய பெயருக்கே அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
திருகோணமலை